தள்ளாடிய மாப்பிள்ளையும் நான்கு இலவச பிளேயர்களும்

சி.டி.க்குள் படம் இருக்கிறது என்ற நம்பிக்கை நம் மக்களிடையே பரவலாக நிலவுகிறது. கம்ப்யூட்டர் சென்டர் நடத்திப் பிழைத்தவன் என்ற முறையில், மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இதை மறுக்கிறேன். சி.டி.க்குள் இருப்பவை வெறும் எண்கள். அவற்றைப் படித்துப் படமாகச் சொல்வது பிளேயர் என்கிற மென்பொருள். சொல்கிறவன் திக்கினால் கதையில் வருகிறவர்களும் திக்குவார்கள். இது தெரியாமல் ஏற்காட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது. திரையில் மணல் கடிகாரம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே தொண்ணூறுகளைக் கழித்த என் சக துன்பவாசிகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான்கு பேர் வந்தார்கள்

என் கடை வாழவந்தி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில் இருந்தது. மனு அடிப்பது, ஜாதகம் அச்சடிப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து காட்டுவது ஆகியவை தொழில். எங்கள் ஊர் ஈரத்தில் வீடியோ கேசட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் கல்யாணப் படத்தில் மணமக்கள் பனிமூட்டத்துக்குள் போய்விடுவார்கள். அதனால் கேசட்டை சேலத்தில் கொடுத்து சி.டி. ஆக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதை ஓட்டிப் பார்க்க ஊரில் என் கம்ப்யூட்டரை விட்டால் வேறு வழியில்லை.

பிளேயரைக் காசு கொடுத்து வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்த சி.டி.யில் நான்கு இலவச பிளேயர்கள் இருந்தன. ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு, தோற்றம், ஒலி, நடத்தை என்று பிரித்து மதிப்பெண் போட்டேன். முதலாவது, முப்பது நாள் கழித்து வேலை செய்யமாட்டேன் என்று முதல் நாளே அறிவித்தது. முப்பது நாளைக்கு மட்டும் கொடுப்பதற்கு இரவல் என்று பெயர், இலவசம் என்று அல்ல என எழுதி அதை ஒதுக்கினேன். இரண்டாவது, படத்தைத் தலைகீழாகக் காட்டியது. மனு அடிக்க வந்திருந்த வெள்ளக்கடை கிராமத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஒருவர், நான் அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க இத்தனை ரோசனை? பொட்டியக் கவுத்து வெச்சாப் போச்சுங்க."

குதிரை ஓடிய விதம்

மூன்றாவது பிளேயரைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்தேன். வெள்ளி நிறம், நீல விளக்கு, உருண்டையான பொத்தான்கள், ஓரத்தில் பாட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் கோடுகள். தோற்றத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். நான்காவது ஒரு சாம்பல் நிறச் சதுரம். ஓட்ட ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஓட்டிக்கூடப் பார்க்காமல் தோற்றத்துக்குப் பூஜ்யம் போட்டு மூடினேன்.

பத்திரிகை சி.டி.யில் மாதிரிக்கு ஒரு குதிரை ஓடும் படம் இருந்தது. வெள்ளிப் பிளேயரில் அந்தக் குதிரை ஓடவில்லை. நின்றது, காணாமல் போனது, ஒரு கஜம் தள்ளி மறுபடி நின்றது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டுகிற பழனிசாமி அண்ணன் டீ குடிக்கும் நேரத்தில் வந்து எட்டிப் பார்த்தார். குதிரைப் பாய்ச்சல் என்பதே நான்கு கால்களும் தரையை விட்டு எழுகிற ஒரு செயல் என்றும், பழகாத கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும் என்றும் அவருக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறுகிறவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி கண்ணாடியும் பெயிண்டும் நொம்ப நல்லா இருக்குதுங்க. வண்டிதான் ஏற மாட்டேங்குது."

ஐயரும் வாழைமரமும்

ரசனை இல்லாத மனிதர் என்று அவரைப் பற்றி முடிவு கட்டிய அதே வாரம், புதன்கிழமை, நாகலூரில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த ராஜமாணிக்கம் குடும்பத்தோடு வந்தார். அவர், மனைவி, மகள் கோமதி, மனைவியின் தம்பி துரைசாமி. கையில் ஒரு கல்யாண சி.டி. விஷயம் இதுதான். ஆத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ஒரு பையன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கோமதியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்த பிறகு வேண்டாம் என்பது இரு வீட்டுக்கும் மரியாதையில்லை. ஆகவே வரச் சொல்வதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போனில் சொல்லியாக வேண்டும். உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் அந்தப் பையன் பந்தி பரிமாறியிருக்கிறான், அந்த சி.டி.தான் இது. காப்பிப் பழம் பறிக்கிற நேரமானதால் ரைட்டரும் மனைவியும் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. துரைசாமியும் கோமதியும்தான் போயிருந்தார்கள்.

வெள்ளிப் பிளேயரில் பெருமையோடு ஓட்டினேன். மாப்பிள்ளைப் பையன் பாயச வாளியோடு வந்தார். ஒரு எட்டு வைத்தார், நின்றார், இடப்பக்கம் சாய்ந்தார், திடீரென்று இரண்டு இலை தள்ளி நின்றார். வாளி அவருக்கு முன்னால் போய்விட்டு அவருக்காகக் காத்திருந்தது. துரைசாமி தன் மனைவி வழியில் வேறொரு பையனை மனதில் வைத்திருந்தவர். "பாருங்க மச்சான், நிக்க முடியல அந்தாளுக்கு. நானும் அந்தக் கல்யாணத்துல இருந்தனுங்க. அன்னைக்கே எனக்குச் சந்தேகம். நல்லா ஏத்தியிருக்காரு" என்றார். ரைட்டர் முகம் இருண்டது. அவர் அண்ணன் குடியால் போனவர் என்பது நாகலூருக்கே தெரியும். வேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிவிடலாமா என்று மனைவியைக் கேட்டார். கோமதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஏனுங்கப்பா, முன்னால வந்த ஐயரும் அப்படித்தானுங்களே தள்ளாடுனாரு. வாசல்ல கட்டுன வாழைமரமுமா குடிச்சிருக்குது?"

கலைக்களஞ்சியம் போன வழி

சி.டி.யை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை வரை எனக்கு அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒரு மனிதனைக் குடிகாரனாக்கியது நான் போட்ட பத்து மதிப்பெண். பிளேயர் தன்னை அலங்கரித்துக்கொள்வதற்கே என் பழைய கம்ப்யூட்டரின் உழைப்பில் பாதியை எடுத்துக்கொண்டது. மிச்சத்தில், பத்து எட்டு நடக்க வேண்டியவரை ஐந்து எட்டுதான் நடத்த முடிந்தது. பூஜ்யம் வாங்கிய சாம்பல் சதுரத்தைத் திறந்தேன். குதிரை ஓரளவு ஓடியது. ஆனால் சி.டி. டிரைவும் பழசு, அது தடுமாறிய இடத்தில் குதிரையும் தடுமாறியது. கல்யாணப் படத்தை முழுதாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினால் சரியாகும். அதற்கு இடமில்லை.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, நான் ஆசை ஆசையாக ஏற்றி வைத்திருந்த ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியம். அதில் அறுபது பக்கம் படித்திருந்தேன். உலக அறிவா, ஆத்தூர் மாப்பிள்ளையா என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்துவிட்டு அழித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளின் பட்டியல் சிறியது. இதை முதலில் வைப்பேன். படத்தை ஏற்றி, திரையின் அளவைக் குறைத்து, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, முதலில் குதிரையை ஓட்டிப் பார்த்தேன். அது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. பழனிசாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தரம் ஓட்டச் சொன்னார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "இது ஏறுமுங்க."

வெள்ளிக்கிழமை

நால்வரும் வந்து உட்கார்ந்தார்கள். துரைசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐயர் தட்டோடு நேராக நடந்து வந்தார். வாழைமரம் கட்டிய இடத்தில் நின்றது. மாப்பிள்ளை பாயச வாளியோடு பந்திக்குள் நுழைந்தார். குழந்தை ஒன்று குறுக்கே ஓடியது. வாளியை உயரத் தூக்கி, ஒதுங்கி, மறுபடி இறக்கினார். கோமதியின் இலைக்கு ஊற்றினார். வரிசை முடிவு வரை போனார். திரும்பி வந்து கோமதியின் இலைக்கு மறுபடி ஊற்றினார். கோமதி, என் கடையில் தொங்கிய போன வருடக் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக எஸ்டேட்டில் காப்பி மூட்டையின் எடையைக் கண்ணாலேயே சொல்கிறவர் ரைட்டர். "ஒரு சொட்டு சிந்தலீங்க" என்றார்.

அப்போது பந்தியின் கடைசியில் ஒருவர் எழுந்தார். தோளிலிருந்து துண்டு கீழே விழுந்தது. குனிந்தார்; கை துண்டுக்கு அரை அடி இந்தப் பக்கம் போனது. மறுபடி குனிந்தார், அந்தப் பக்கம் போனது. மூன்றாவது முறை துண்டைப் பிடித்துவிட்டார். அதன் பிறகு தூணையும் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லோரும் நேராக நடந்த அந்தக் கல்யாணத்தில் தள்ளாடியவர் துரைசாமி ஒருவர்தான். சாம்பல் பிளேயரில் நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு என்று முன்பே சொன்னேன். நான் அதைத் தொடவில்லை. துரைசாமி மானிட்டரின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க சாப்ட்வேரு இன்னும் முழுசாச் சரியாகலீங்க."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கார்களில் மலை ஏறி வந்தார்கள்; துரைசாமி வாழவந்தி பஸ்ஸுக்கு என் கடைக்கு எதிரில் நிற்பதை விட்டுவிட்டு, அரை பர்லாங் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏற ஆரம்பித்தார்.