மருந்தக்கா தேர்ந்தெடுத்த இலக்கணம்

பதினோரு வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள் என்பதால் தெருவே அவளை மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனாலேயே அவளைப் பிடிக்காதவர்களும் உண்டு.

வகுப்பில் "ஏன்" என்று கேட்டதற்காக அவளுடைய பெரிய மகளை இரண்டு நாள் வராந்தாவில் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் மருந்தக்கா பள்ளிக்குப் போய், பெரியவள் சின்னவள் இருவருக்கும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. வருஷத்துக்கு ஒரு முறை கல்வி அலுவலகத்தில் தேர்வு எழுதினால் போதும். கணக்கும் அறிவியலும் எப்படியோ ஓடின. இலக்கணத்தில்தான் வண்டி நின்றது.

அவளுடைய நாத்தனார் தமிழாசிரியை. கேள்விப்பட்ட வாரமே ஐந்து தடித்த புத்தகங்களோடு வந்து இறங்கினார்.

"எங்க ஸ்கூல்ல இதுதான். கண்ணை மூடிக்கிட்டு நடத்து."

"கண்ணைத் திறந்துக்கிட்டே நடத்துறேன் அண்ணி."

மூன்று வாரம் நடத்தினாள். எட்டு வேற்றுமைகளும் பெரியவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சின்னவளோ முதல் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கிப் போன ஒருவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். மருந்துக் கவரில் "காலை, மாலை இரண்டு மாத்திரை" என்று எழுதியிருந்தது. இரண்டு வேளையும் சேர்த்து இரண்டு என்பது எழுதியவளின் நினைப்பு. அவர் வேளைக்கு இரண்டாக விழுங்கிவிட்டார். கையெழுத்து மருந்தக்காவுடையது.

"படிக்கத் தெரியாதவன் பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார் கடை முதலாளி.

"அவர் சரியாத்தான் படிச்சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாள். நல்லவேளையாக அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அதே வரியை ஒரு தாளில் எழுதிப் பெரியவள் முன்னால் வைத்தாள்.

"காலை, மாலை ரெண்டும் பெயர்ச்சொல்" என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

"அதைக் கேக்கல. ஒரு நாளைக்கு எத்தனை முழுங்கணும்?"

பெரியவள் தாளை எடுத்து மறுபடி படித்தாள். "ரெண்டு" என்றாள் சின்னவள். "நாலாக்கூட இருக்கலாம்டி" என்றாள் அக்கா. இருவரும் மல்லுக்கு நின்றார்கள். மருந்தக்கா ஐந்து புத்தகங்களையும் பையில் அடுக்கி, மறுநாளே நாத்தனார் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்து, கைப்பேசியில் கிளி பேசும் பாடம் ஒன்றைப் பார்த்தாள். சின்னவள் ஒரு வரிகூடப் படிக்காமல், பச்சைப் பொத்தானை மட்டும் அமுக்கி நாற்பது நட்சத்திரம் வாங்கினாள். கிளிக்கு அன்றோடு விடை கொடுத்தாயிற்று.

கடைசியில் நூலகத்தின் கீழ்த்தட்டில் கிடைத்தது, தொழிலாளர்களின் மாலை வகுப்புக்காக அச்சிட்ட எண்பது பக்கக் கையேடு. பக்கத்துக்குப் பக்கம், எழுதிக் குழம்பிப்போன ஓர் அறிவிப்போ கடிதமோ இருந்தது. யார், யாருக்கு, எத்தனை, எப்போது என்று கேட்டுக் கேட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். இலக்கணப் பெயர்கள் அதற்குப் பிறகுதான். நின்றபடியே பாதியைப் படித்து முடித்தாள்.

இரண்டாம் வாரத்தில் பெரியவள் அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்து, "காலையில் ஒன்று, மாலையில் ஒன்று" என்று திருத்தினாள். "இந்த 'இல்'லுக்கு இதுதாம்மா வேலையா? சும்மா மனப்பாடம் பண்ணிட்டிருந்தேனே."

விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. "கூலி வேலைக்காரங்க படிக்கிற புத்தகம் என் தம்பி பிள்ளைங்களுக்கா?" என்று வந்து நின்றார்.

பேருந்து ஓட்டுநரான கணவன் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். "அக்கா சொல்றதையும் கொஞ்சம் கேளேன்."

"மூணு வாரம் கேட்டேன். போதும்."

தேர்வு நாளில் அதிகாரி படிவத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "இந்தப் புத்தகம் எங்க பட்டியல்லயே இல்லையேம்மா."

"பட்டியல்ல இருந்துதான் எடுக்கணும்னு எந்த விதியில இருக்கு சார்? காட்டுங்க, மாத்திடுறேன்."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பரிந்துரைக்கப்படுகிறதுன்னு போட்டிருக்கு."

"பரிந்துரைன்னா கட்டாயம் இல்ல சார்."

அவர் இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

முடிவு வந்தது. கடிதம் எழுதுவதிலும் பிழை திருத்துவதிலும் பெரியவள்தான் முதல். விதிகளை வரிசையாகச் சொல்லும் பகுதியில் பாதிக்கு மேல் கோட்டை விட்டிருந்தாள். சின்னவள் மயிரிழையில் தேறியிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றார் நாத்தனார் தொலைபேசியில்.

"சொன்னீங்க அண்ணி. விதிங்க பேரையும் இனி சேர்த்துப் படிப்பாங்க. ஆனா அடுத்த வருஷமும் இதே புத்தகம்தான்."

மதிப்பெண் தாள்களை அவள் ஒளித்து வைக்கவில்லை. இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள், வந்து போகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று.