பழைய ஸ்பீக்கருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் தேடித் திருவண்ணாமலைக்கு

போன வியாழக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய் வந்தோம். தரிசனமும் உண்டு. ஆனால் கிளம்பியது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க. பழைய ரேடியோவுக்குள் மினுங்குமே கண்ணாடிக் குழாய், அதில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர். பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதே வேலையாக அங்கே போக நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பூஜை அறை வாசலில் இரண்டு பெரிய மர ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. கிரிவலப் பாதைப் பக்கம் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றார். ஜோடி ஒன்பதாயிரம். காலையில் விளக்கேற்றி நாதஸ்வரம் போடுவேன். என் வீட்டுக்காரர் திருநீறு பூசிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். கல்யாணமான நாளிலிருந்து வருகிற பழக்கம்.

போன வருடம் அவருக்குக் காதில் சீழ் வைத்து, வைத்தியம் பார்த்து ஆறியது. அதிலிருந்து கூர்மையான ஒலி எது கேட்டாலும் ஊசியாகக் குத்துகிறதாம். நான் பாட்டைப் போட்டால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். சத்தத்தைக் குறைத்தாலும் போவார். கற்பூரத் தட்டை அங்கேதான் கொண்டுபோய்க் காட்டுவேன். நிறுத்தி விடுகிறேன் என்றால், “என்னால உன் பூஜை ஏன் கெடணும்?” என்பார். ஆக, பாட்டு இருந்தால் அவர் இல்லை. அவர் இருந்தால் பாட்டு இல்லை. வால்வில் ஒலி மெத்தென்று வரும் என்று நானாகவே தேடித் தேடிப் படித்தேன். அது உண்மையா என்று தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

எந்த ஸ்பீக்கருக்கு வாங்குகிறோமோ அதிலேயே கேட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அதனால் ஒரு ஸ்பீக்கரைப் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி, ஏழு மணி டவுன் பஸ்ஸில் ஏற்றினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் அவருக்கு மட்டும் டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் ஸ்பீக்கரை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரும்மா?”

“ஸ்பீக்கர் தம்பி.”

“பொடவை கட்டிக்கினா ஃப்ரீ ஆயிடுமா? அதுக்கும் ஒரு டிக்கெட் போடணும்.”

பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் இருபது ரூபாய். கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மணிலாக் கடலை வயல்கள் மேல் பனி மூட்டம். அதற்கு மேலே, அடிவாரமே இல்லாமல், மலை மட்டும் தனியாக மிதந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் மலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நகர்ந்தது. நாங்கள் ஓடுகிறோமா, அது எங்களைச் சுற்றி வருகிறதா என்று சொல்ல முடியவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து தேரடித் தெருவுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அதற்குப் பின்னால் ஒரு சந்தில் அன்வர் பாய் கடை. ஊரைக் காலி செய்கிற வெளிநாட்டுக்காரர்களின் பாட்டுச் சாமான்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறார். முன்னமே போனில் சொல்லியிருந்ததால் எங்களுக்காக இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எடுத்து வைத்திருந்தார். பெரியது முப்பது வாட், முப்பத்திரண்டாயிரம். சின்னது எட்டு வாட், இருபத்தோராயிரம். இரண்டையும் ஸ்பீக்கரோடு இணைத்து ஓட விட்டார். பெரியதற்கு எங்கள் ஸ்பீக்கர், சின்னதற்குக் கடை ஸ்பீக்கர்.

“வால்வு நல்லா சூடு ஏறட்டும்க்கா. கோயிலுக்குப் போய்ட்டு வாங்க.”

கூட்டம் கம்மி. ஒரு மணி நேரத்தில் தரிசனம் ஆனது. கருவறை முன்னால் நின்றால் ஒரு வெப்பம் முகத்தில் வந்து தொடும். அன்று அது வழக்கத்தை விட அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கடைக்குத் திரும்பினால், அரை இருட்டில் வால்வுகள் செம்பொன் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போனேன். முகத்தில் அதே மாதிரி ஒரு இளஞ்சூடு. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாய் பார்க்காதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் பெரியது. பாய் பெருமையாகச் சத்தத்தைத் திருகினார். என் வீட்டுக்காரர் தெருவுக்கே போய்விட்டார். கூப்பிட்டு வந்து, காலையில் வீட்டில் வைக்கிற அளவுக்கு நானே குறைத்தேன். சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம்! பாட்டு நின்ற இடத்தில் ஒரு தூசுகூட இல்லை. “நல்லாத்தான் இருக்குது,” என்றார் அவர். ஆனால் நாதஸ்வரம் மேலே ஏறும்போதெல்லாம் அவர் கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்து இறுக்கியது.

அடுத்து, எங்கள் ஸ்பீக்கரைச் சின்னதில் மாட்டினார். பாட்டு தொடங்கும் முன்பே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்.

“இது இன்னா பாய், உள்ளே வண்டு கீதா?” என்றேன்.

“வால்வு கொஞ்சம் முனகும்க்கா. கடை ஸ்பீக்கர்ல இது கேக்கல. உங்களுது கொஞ்சூண்டு கரண்டுக்கே வாயத் தொறக்குது, இன்னா பண்றது?”

வேறு வால்வுகள் போட்டுப் பார்த்தார். குறைந்ததே தவிர போகவில்லை. சத்தத்தை முழுக்க மூடினாலும் அது இருந்தது. பிறகு நாதஸ்வரம் வந்தது. இரண்டு பிரகாரம் தள்ளி யாரோ வாசிக்க, காற்று அதைக் கல் தூண்களில் உரசி மழுக்கிக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது. ஒரு முனைகூடக் குத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். விரல் தொடையில் தாளம் போட்டது. பாய் வைத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

“ஏங்க, முனகல் கேக்குதா?”

“எந்த முனகல்?”

அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. திரி பற்றியதற்கும் பாட்டு தொடங்குவதற்கும் நடுவில் ஒரு நிசப்தம் இருக்கிறதே, என் பூஜையில் எனக்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். இதை வாங்கினால் அது போய்விடும்.

“பெருசே எடுத்துக்குங்கக்கா,” என்றார் பாய். “சுத்தமா இருக்கும். அண்ணன் காதுல கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கட்டும்.”

“பஞ்சு வெக்கற நாளுன்னு ஒண்ணு வரும் பாய், அன்னிக்கு வெச்சுக்கறேன்,” என்றார் என் வீட்டுக்காரர். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சின்னதைக் கட்டிக் குடுங்க பாய்,” என்றேன். பேசிப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. வால்வு உடையக் கூடாது என்று வீடு வரை ஆட்டோ, ஐந்நூறு. தூறல் போட்டது. பின்னால் மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வானத்தோடு போனது.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், ஆட்டோவும் கிடைக்காது, நிம்மதியாகக் கேட்கவும் முடியாது. உங்கள் ஸ்பீக்கரையே எடுத்துப் போங்கள். அதன் பின்னால் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று போட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரில் அதே எண் உள்ள இடத்தில்தான் ஒயரை மாட்ட வேண்டும். ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட விடவே கூடாது. வாட் ஜாஸ்தி என்று மயங்காதீர்கள், பழைய ஸ்பீக்கர் பலவற்றுக்கு எட்டு வாட்டே போதும். சத்தத்தை முழுக்க மூடியும் ஒரு தடவை காது கொடுங்கள். முக்கியமாக, வீட்டில் யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்களோ அவரைக் கூட்டிப் போங்கள். அவர் வாய் சொல்வதை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றினேன். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து முனகின. நாதஸ்வரம் தொடங்கியது. கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டோடு திரும்பினேன். நான் தோட்டத்துப் பக்கம் போகத் தேவையில்லாமல், ஒற்றிக்கொள்ள இரண்டு கைகள் அங்கேயே நீண்டிருந்தன.