ஹாரன் அடிக்காத வேன்

"இந்த மாசத்தோட அந்தப் பொண்ண வண்டியிலர்ந்து இறக்கிடுங்க. இல்லாங்காட்டி நாங்க வேற வேன் பாத்துக்கறோம்."

ஒரு பையனுடைய அம்மா, வாந்தி பட்ட சட்டையை என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது மூன்றாவது சட்டை.

வாந்தி எடுத்தவள் யாழினி, இரண்டாம் வகுப்பு. நசரத்பேட்டையில் ஏறுவாள், பூந்தமல்லி வருவதற்குள் கொட்டிவிடுவாள். பள்ளி நூம்பல் பக்கம். அப்பாவுக்குத் திருமழிசை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. கொண்டுபோய் விட ஆள் கிடையாது. வேன் இல்லையென்றால் அவளுக்கு அந்தப் பள்ளியும் இல்லை.

புதிதாக ஸ்கூல் வேன் ஓட்ட வந்திருக்கும் தம்பிகளே, நான் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன். யாழினி விஷயம் வரும்வரை ஒரு நாள்கூட பெல் அடித்த பிறகு பள்ளி கேட்டைத் தொட்டதில்லை. அதற்குக் காரணம் என் ஹாரன் என்று நினைத்திருந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே இரண்டு நீளம், ஒரு குட்டை. அந்தச் சத்தத்துக்கு மூன்று வீட்டில் ஷூ மாட்டுவார்கள். பிள்ளை வாசலில் நின்றாலும் அடிப்பேன். கை பழகிவிட்டது.

வாந்திக்கு எனக்குத் தெரிந்த எல்லா வைத்தியமும் பார்த்தேன். முன் சீட்டில் உட்கார வைத்தேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன், எலுமிச்சம்பழம் கொடுத்தேன். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாந்தி எடுத்தாள்.

வண்டி கழுவும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சாயங்காலமும் அதே ரோடு, அதே பள்ளம். ஆனால் திரும்பி வரும்போது அவள் வாய் ஓயாது. வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாயங்காலமும்தானே ஒத்துக்கொள்ளக் கூடாது? இன்னொன்று, ஒரு வாரம் வாந்தி, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. இது வயிற்றுக் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரிந்துபோனது.

அன்று சாயங்காலம் கேட்டேன். "காலைல மட்டும் உனக்கு இன்னாடா கண்ணு ஆவுது?"

அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். "அத அடிக்காதீங்க அங்கிள்."

"எத? ஹாரனையா?"

"நைட் ஷிப்ட் வாரத்துல அப்பா காலைல வந்துதான் தூங்குவாரு. ஹாரன் கேட்டா எழுந்து அம்மாகிட்ட கத்துவாரு. நான் வேன்ல ஏறிடுவேன். அம்மா மட்டும் ஊட்ல இருப்பாங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் அடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் தினமும் வண்டி வரும் முன்பே வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அப்போதும் அடித்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து ஹாரனை விட்டேன். தெரு வரும் முன்பே வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்கு வீடு மிஸ்டு கால். அப்படியும் முதல் நாள் அவள் குமட்டினாள். உள்ளே அப்பா எழுந்தாரா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏம்மா, நீ வாசலுக்கு வந்து வண்டிய மெதுவா ரெண்டு தட்டு தட்டி 'ரைட்'டுன்னு சொல்லு. அவரு தூங்கினா மட்டும் சொல்லு. பொய் சொல்லிடாத, கொயந்த கண்டுபுடிச்சிடும்."

"சரிண்ணா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் இரண்டு தட்டு, ஒரு 'ரைட்'. யாழினி முதல்முறையாக சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த வாரம் யார் சட்டையும் நனையவில்லை.

ஆனால் ஹாரனை நிறுத்தினால் போதுமா? அப்பா எழுந்திருக்க ஒரு குக்கர் விசில் போதும். அதனால் விடியற்காலையில் அவர் ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும் கடைக்கே போனேன்.

"தம்பி, உம் பொண்ணு வாந்தி எடுக்கறதுக்கு நாம ரெண்டு பேருதான் காரணம். நான் ஹாரன விட்டுட்டேன். நீ கத்தறத விடு."

"யோவ், எங்க ஊட்டு விஷயத்துல நீ இன்னாத்துக்கு மூக்க நுழைக்கிற?"

"கழுவறது நான்தானே? கேப்பேன். நீ கத்தனா உம் பொஞ்சாதிக்கு இன்னா ஆவுமோன்னு அது பூந்தமல்லி வரைக்கும் பயந்துகினே வருது."

அவர் பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று இரண்டு நாள் எனக்கே உதறல்.

மூன்றாம் நாள் காலை. அம்மா வாசலில் நின்றார், ஆனால் வண்டியைத் தட்டவில்லை. யாழினி என் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். லுங்கி, சிவந்த கண். அந்தக் கண்ணை மகளிடமிருந்து எடுக்காமல் வண்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்... போலாம் அண்ணாத்தே."

யாழினி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "இன்னொரு வாட்டி சொல்லுப்பா." சொன்னார். இன்னொரு வாட்டி. இன்னொரு வாட்டி. நான் கியரைத் தொடவே இல்லை.

தம்பிகளே, குழந்தைக்கு ஒன்று என்றால் அதன் வயிற்றை மட்டும் பார்க்காதீர்கள், அது எதை விட்டுவிட்டு வண்டி ஏறுகிறது என்று கேளுங்கள். அன்று பெல் அடித்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் கேட்டைத் தொட்டேன். வாட்ச்மேன் வாய்விட்டே சிரித்தார். என் சர்வீஸில் நான் மார் தட்டிச் சொல்லிக்கொள்வது அந்த இரண்டு நிமிட லேட்டைத்தான்.