சகாதேவன் மேஸ்திரியின் கேமரா போன்

மரக்காணம் உப்பளத்தில் எந்தப் புதுச் சாமானும் முதலில் சகாதேவன் மேஸ்திரி கைக்குத்தான் வரும். அவர் கையிலேயே துருப்பிடிக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அதை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் போடும் கைக்கடிகாரம் அவரிடம் மூன்று மாதம் ஓடியது. வாக்மேன் ஒரு கோடையோடு சரி. எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பேஜரை வாங்கி எட்டு மாதம் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தார். அதில் ஒரு தகவலும் வந்ததில்லை. கேட்டால், “வரும், மெட்ராஸ்லேருந்து வரணும் இல்ல” என்பார்.

“உப்புக்காத்து எல்லார் வூட்லயும் ஜன்னலத் தின்னும், கதவத் தின்னும்” என்பாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி. “அதுக்குக் காசு குடுத்து விருந்து வைக்கறது எங்க வூட்டு மனுசன் மட்டுந்தான்.”

ஆனால் தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் அளத்துக்குள் இறங்கியவர். பாத்தியில் கால் வைத்து, உள்ளங்காலில் அது நொறுங்குகிற விதத்திலேயே உப்பு வாரும் பதத்துக்கு வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மற்ற மேஸ்திரிகளுக்குப் பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும். சகாதேவனிடம் மட்டும் அதே பதினாறு பெண்கள் பதினொரு வருடமாக வந்துகொண்டிருந்தார்கள். முதலாளி திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு அளத்தை அவரிடம் விட்டிருந்ததும் அந்தப் பதினாறு பேரை நம்பித்தான். அவர்கள் போனால் சகாதேவன் மேஸ்திரி இல்லை, வெறும் சகாதேவன்.

2006ஆம் வருடம், தேர்தல் முடிந்த கையோடு அவர் இரண்டு ஆடுகளை விற்றுப் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு கேமரா போன் வாங்கிவந்தார். வந்த அன்றே ஒரு சங்கடம். அளத்தில் மணி அடிக்கிற அளவுக்கு மேல் எங்கேயும் சிக்னல் இல்லை, எடுத்தால் பேச்சு கேட்காது. கிழக்கே போய்ப் பார்த்தார், மேற்கே போய்ப் பார்த்தார். கடைசியில் உப்பு அம்பாரத்தின் உச்சியில், இரண்டு ஆள் உயரம் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டியது. அன்றிலிருந்து போன் அடித்தால் மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்பாரத்தில் ஏறுவார். பாதி ஏறுவதற்குள் சறுக்கிக் கீழே வருவார். மறுபடி ஏறுவார். “அலோ” என்பதற்குள் எதிர்முனை வைத்துவிட்டிருக்கும்.

“மேஸ்திரிண்ணே, ஒரு ஏணி வாங்கிப் போட்டுடுங்க” என்றாள் மேரிசெல்வி. பதினாறு பேரில் சின்னவள், வாய் பெரியவள்.

பேச ஆள் கிடைக்காத நேரத்தில் மேஸ்திரி படம் எடுத்தார். உப்பை எடுத்தார், கொக்கை எடுத்தார், தன் கட்டைவிரலை நிறைய எடுத்தார். ஒரு நாள் அம்பாரத்து உச்சியில் சிக்னல் தேடுகிறவர் மாதிரி நின்றுகொண்டு கீழே பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த ஆண்டாளை எடுத்தார். ஆண்டாள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. மேஸ்திரியைவிட நாலு வயது மூத்தவள். முழங்காலுக்கு மேலே சேலையைச் சொருகி, புருஷனுடைய பழைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டி, குனிந்து உப்பை வாரிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. எடுத்ததில் கட்டைவிரல் இல்லாத முதல் படம் அதுதான்.

அந்தப் பெருமையை அடக்க முடியாமல் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போனை நீட்டினார். செல்போன் கடையில் வேலை செய்யும் சரத்குமார் அதை வாங்கிப் பார்த்தான்.

“செம கிளியரா இருக்குண்ணே. எனக்கும் அனுப்புண்ணே.”

“அதெல்லாம் அனுப்ப முடியுமா இதுல?”

“புளூடூத்துண்ணே. குடு.”

ஒரு நிமிடத்தில் படம் அவன் போனுக்குப் போனது. அங்கிருந்து உப்பு லாரி புரோக்கர் சகாயராஜ் போனுக்கும் போனது. ஒயர் இல்லாமல், கை படாமல் படம் தாவியதைப் பார்த்து மேஸ்திரிக்குப் புல்லரித்தது. சகாயராஜ் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து ஏதோ சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் போனுக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

மறுநாள் அதே கடைக்கு டீ குடிக்க வந்தார் கலியன். கழுவெளி ஏரியில் இறால் பிடிக்கிறவர், ஆண்டாளின் புருஷன். சகாயராஜ் பெருமுக்கல் பக்கத்து ஆள், அவருக்கு உள்ளூர் உறவுமுறை தெரியாது. “ஏம்பா பெரியவரே, உப்பளத்துல ஷூட்டிங் பாத்தியா” என்று கலியன் மூக்குக்கு நேரே போனைக் காட்டினார். கலியன் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். படம் யார் யார் கை மாறி வந்தது என்று விசாரித்தார். வீட்டுக்குப் போய் அதை ஆண்டாளிடம் சொல்லி, “நாளையிலேருந்து அளத்துக்குப் போவாத” என்றார்.

அடுத்த நாள் காலை ஆண்டாள் அளத்துக்கு வந்தாள். ஆனால் பாத்தியில் இறங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மற்ற பதினைந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

எட்டுப் பாத்தியில் உப்பு விளைந்து நின்றது. தென்கிழக்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் வாரி அம்பாரத்தில் ஏற்றவில்லை என்றால் மழை அதைக் கரைத்துக் கழுவெளிக்குக் கொண்டுபோய்விடும்.

“இன்னாக்கா, எறங்கலயா?” என்றார் மேஸ்திரி.

“போட்டோ எங்க?” என்றாள் ஆண்டாள்.

“அது அப்பவே அழிச்சிட்டேன்.”

“காட்டு.”

அவருக்கு அழிக்கத் தெரியாது. போனில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். தெரியாது என்று சொல்லவும் தெரியாது. ஒரு பொத்தானை அழுத்தினார், பாட்டு வந்தது. இன்னொன்றை அழுத்தினார், அவர் மூக்கு படமாக விழுந்தது. மூன்றாவதை அழுத்தினார், ஆண்டாள் திரை முழுக்கப் பெரிதாக வந்து நின்றாள். மேரிசெல்வி எட்டிப் பார்த்து, “அழிச்சது நல்லா தெரியுதுண்ணே” என்றாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியிடமிருந்து போன். பழக்கதோஷத்தில் மேஸ்திரி அம்பாரத்தைப் பார்த்து ஓடினார். முக்கால்வாசி ஏறியதும் கால் வழுக்கியது. மேஸ்திரி ஒரு பக்கம் உருண்டார், போன் இன்னொரு பக்கம் பறந்து பாத்தித் தண்ணீரில் விழுந்தது.

உப்பளத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம் ஒன்று உண்டு. உப்புத்தண்ணீர் பட்டதை உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மண்வெட்டி, சைக்கிள் செயின், சொந்தக் கால், எதுவானாலும் சரி. அலசாவிட்டால் அரித்துவிடும். மேஸ்திரி போனைப் பொறுக்கிக்கொண்டு, யோசிக்க ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாமல், பெண்கள் குடிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் குடத்துக்குள் அமுக்கினார். அலசுகிற வேகத்தில் அது கை நழுவிக் குடத்துக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு தரம் வெளிச்சம் வந்தது. அடித்தொண்டையில் கிணுகிணு என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு முதலாளி பேசவே இல்லை.

“அண்ணே, நாங்க குடிக்கற தண்ணி அது” என்றாள் மேரிசெல்வி.

குடத்தைக் கவிழ்த்து எடுத்த போனை மேஸ்திரி வேட்டியில் துடைத்து, மண்வெட்டியைக் காயவைப்பதுபோல வரப்பில் சாய்த்து வைத்தார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்டாள் சிரிக்கவில்லை.

மேஸ்திரி அந்த நஷ்டத்திலும் ஒரு லாபத்தைக் கண்டுபிடித்தார். “பாத்தியாக்கா, போனே போச்சி. போட்டோவும் சேந்து போச்சி. மேகம் வருது, எறங்குங்க.”

“உன் போன்லதான் நான் செத்துட்டேன்” என்றாள் ஆண்டாள். “சரத்து போன்ல உசுரோட இருக்கேன். அந்த லாரிக்காரன் போன்ல உசுரோட இருக்கேன். என் வூட்டுக்காரருக்கே காட்டிக்கிறான் அவன்.”

மேஸ்திரி அப்போதுதான் வரப்பில் உட்கார்ந்தார். “மாமா பாத்துட்டாரா?”

“பதினோரு வருசமா உன் முன்னாடி இதே சேலையிலதான நிக்கறேன். நீ பாத்த, எனக்கு ஒண்ணும் ஆவல. டீக்கடைய ஏன்யா என் பாத்திக்குக் கூட்டிக்கினு வந்த?”

சகாதேவன் எழுந்து போய் டிவிஎஸ் வண்டியை உதைத்தார்.

செல்போன் கடையில் சரத்குமார், “அழிச்சிட்டேண்ணே” என்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே பொய்யைத் தானே சொல்லியிருந்ததால் மேஸ்திரிக்கு அது உடனே அடையாளம் தெரிந்தது. அவன் போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். சரத்குமார் பின்னாலேயே ஓடிவந்து ஏறி உட்கார்ந்தான். டீக்கடையில் சகாயராஜ் கொஞ்சம் கெத்து காட்டினார்.

“ஒரு போட்டோவுக்காவா இம்மாந்தூரம் வர்ற? வேலையப் பாருய்யா.”

“வேலையப் பாக்கத்தான் வந்தேன். அந்தப் பொம்பளைங்க எறங்கல. மழை வந்தா நாளைக்கு உன் லாரிக்கு ஏத்த உப்பு கெடையாது. மேகத்த ஏத்திக்கினு போறியா?”

சகாயராஜ் வானத்தைப் பார்த்தார். டீயைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் வண்டியை எடுத்தார்.

வரப்பில் பதினாறு பெண்கள் சுற்றி நிற்க, சரத்குமார் தன் போனிலும் சகாயராஜ் போனிலும் படத்தை அழித்தான். ஆண்டாள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“வேற யாருக்குனா அனுப்பினியா?”

“இல்லக்கா. சத்தியமா.”

“திரும்ப வராதே?”

“வராதுக்கா.”

“ரெண்டு போனும் என் சோத்துப் பையில இருக்கட்டும். உப்பு ஏறினதுக்கு அப்பறம் தர்றேன். வந்தது வந்துட்டீங்க, ஆளுக்கு ஒரு கூடை எடுங்க.”

சகாயராஜ் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடையோடு பாத்தியில் நின்றார். பதினாறு வருடமாக லாரி லாரியாக உப்பை விற்ற சகாயராஜ் அன்றுதான் உப்பை முதல்தடவையாகத் தலையில் சுமந்தார். மூன்றாவது நடையில் அவர் நெற்றி வழியாக உப்புத்தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. சரத்குமாருக்குக் காலில் ஏதோ பழைய வெட்டு, பாத்தியில் வைத்த காலை எடுத்து எடுத்து ஆடினான். “சரத்து, அப்படியே நில்லுடா, ஒரு போட்டோ எடுத்துக்கறோம்” என்றாள் மேரிசெல்வி.

நாலு மணிக்கு மழை இறங்கியபோது ஆறு பாத்தி ஏறியிருந்தது. இரண்டு பாத்தி கரைந்தது.

மழை விட்டதும் மேஸ்திரி நேரே கலியன் வீட்டுக்குப் போனார். உப்பு அரித்துத் தோல் உரிந்த கைகளோடு வாசலில் நின்றார். கலியன் கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல வந்தியா? நாளைக்கு ஆளு வேணும்னு கேக்க வந்தியா?”

மேஸ்திரி யோசித்தார். அன்று காலையிலிருந்து சொன்ன பொய்களே போதும் என்று தோன்றியது.

“ரெண்டுக்குந்தான் மாமா.”

“எனக்கு அதக் காட்டினப்ப அந்தக் கடையில எத்தினி பேரு இருந்தாங்க தெரியுமா?”

“தெரியாது மாமா.”

“நானும் எண்ணல. எண்ணியிருந்தா அங்கயே எவன் மண்டையாவது ஒடஞ்சிருக்கும்.” கலியன் வலையில் ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார். “நாளைக்குக் கடைக்கு வா. அத்தினி பேரு முன்னாடியும் சொல்லு, கேக்காம எடுத்தது நீதான்னு.”

“வர்றேன் மாமா. காலையிலயே வர்றேன்.”

உள்ளே இருந்து ஆண்டாள் குரல் வந்தது.

“காலையில இன்னாத்துக்குக் கடைக்கு? மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேலதான் நிக்கும், காத்தடிச்சிக் கலக்கறதுக்குள்ள வடிச்சி வுடணும். அஞ்சு மணிக்கு வர்றேன், மடையத் தொறந்து வையி. டீக்கடைக்கு சாயங்காலம் போவலாம். அப்பதான் கூட்டம் இருக்கும்.”