இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால்

“சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழாவிட்டால் மறுபடி கேட்க வேண்டும்.” தினக் காலண்டர் தாளின் பின்புறம் அப்பா எழுதி, தலைநகரில் எங்கள் துவாரகா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிய குறிப்பு இது. முன்புறம் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. வருடம் இருந்த மூலை கிழிந்துவிட்டது. அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தேன் என்பதை வைத்துத்தான் வருடத்தைக் கணக்கிடுகிறேன்.

விமானங்களுக்குத் தரையிலிருந்து ரேடியோவில் வழி சொல்வது அப்பாவின் வேலை. அவர் ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே அடுத்த விமானம். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், ஒரு விமானத்தை இதற்கு மேல் ஏற வேண்டாம் என்றார். பதில் வந்த அதே நேரத்தில் இன்னொரு விமானியும் பேசிவிட்டார். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் கீச்சென்ற இரைச்சல்தான் மிஞ்சும். இரைச்சலின் வாலில் கேட்ட ஒரு சொல்லையே பதிலாக எடுத்துக்கொண்டு அப்பா அடுத்ததைக் கவனிக்கப் போய்விட்டார். விமானமோ ஏறிக்கொண்டே இருந்தது. மோதல் எதுவும் இல்லை. நெருங்கக் கூடாத அளவுக்கு இரண்டு விமானங்கள் நெருங்கின. மறுதேர்வில் தேறும்வரை மைக்கைத் தொடக் கூடாது என்று அப்பாவைத் தள்ளி வைத்தார்கள்.

மதுரையிலிருந்து மாமா ஃபோன் செய்தார். பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எல்லோரும் வந்துவிடுங்கள் என்றார். அம்மாவுக்குச் சம்மதம். அப்பா, “தேறிட்டுத்தான் மத்ததெல்லாம்,” என்றார். அப்படியென்றால் எனக்கும் தனக்கும் மட்டும் டிக்கெட் எடுக்கப்போவதாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா கரோல் பாக் கடைத்தெருவில் மூன்று பொம்மை வாக்கி டாக்கிகள் வாங்கி வந்தார். ஹால் சோபாவில் அவர். அடுப்படியில் அம்மாவும் பால்கனியில் நானும் விமானிகள்.

“அடுப்படி ஒன்று, இரண்டாம் தட்டுக்கு மேல் ஏற வேண்டாம்.”

“ஆமா, இட்லிச் சட்டி இப்ப பறக்கப்போகுது.”

“திருப்பிச் சொல்லும்மா.”

“இந்த வீட்ல நான் எதைச் சொன்னாலும் ‘ம்’னு ஒரு சத்தம். அதை என்னைக்காவது திருப்பிச் சொல்லிருக்கீங்களா?”

அதற்கும் அப்பா ‘ம்’ என்றார்.

ஆனாலும் தினமும் விளையாடினோம். தேர்வுக்கு முந்தைய மாலை, அப்பா கூப்பிடாமலே அம்மா பொத்தானை அழுத்தினாள். பால்கனியில் நானும் அழுத்தினேன். கீச்சென்றது.

“யாரு? மறுபடி சொல்லுங்க.”

“பால்கனி இரண்டு. இறங்கலாமா?”

“பால்கனி இரண்டு, காத்திரு. அடுப்படி ஒன்று, நீ சொல்லு.”

“ஒண்ணுமில்லைங்க.”

“ஒண்ணுமில்லாததுக்கு பட்டனை அமுக்க மாட்டே. சொல்லு.”

“விடுங்க.”

“விடமாட்டேன். ஒரு தடவை விட்டதே போதும்.”

நிஜ விமானம் ஒன்று எங்கள் கட்டடத்துக்கு மேலாகத் தாழ்ந்து போய் மறைந்தது. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

“நாளைக்குப் போய் எழுதுங்க. நாங்க இங்கதான் இருப்போம்.”

அப்பா அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.

“சரிதான்,” என்றாள் அம்மா.

“அரே, நான் இறங்கணுமா வேண்டாமா?” என்று பால்கனியிலிருந்து கத்தினேன். ஆட்டத்தில் என்னை மறந்துவிட்டார்கள் என்று அழுகை வந்தது.

அப்பா தேறினார், அதற்கான தாளைப் பார்த்திருக்கிறேன். மாமா கடைக்கு வேறு ஆள் போட்டுக்கொண்டார். அம்மா அன்று முதலில் சொன்னதையேதான் மறுபடி சொன்னாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். போன தீபாவளிக்கு அவளிடமே கேட்டேன்.

“முதல் தடவை என்னம்மா சொன்னே?”

“அதையேதான்டி சொன்னேன்,” என்றாள், கேள்வி முடிவதற்கு முன்பே.

அந்த முதல் பேச்சை அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பொத்தான் அதை மறைத்துவிட்டது. அம்மா இரண்டு முறை சொன்னதும் ஒன்றுதானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.