கொடி அவனுது, வாசல் இவனுது

கையெழுத்துக் கட்டம் வந்ததும் அன்புக்கரசி பேனாவை மூடிவிடுவார். அதுவரை சரக்கின் பெயர், எடை, பெட்டி எண் என்று மளமளவென்று நிரப்பி வந்த கை, அந்த இடத்தில் நின்று, காகிதத்தை முதலாளி தண்டபாணியின் மேசைப் பக்கம் நகர்த்தும். ராயபுரத்தில் உள்ள அந்த ஏற்றுமதி ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். சுங்கத்துறை தந்த அட்டைப்படி அவர் உள்ளே போகலாம், வரிசையில் நிற்கலாம், திட்டு வாங்கலாம். கையெழுத்து மட்டும் போட முடியாது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். கொண்டையில் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும். உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கணக்காகப் பேசுவார். "துபாய்க்காரன் ஒரு புள்ளி தப்பினா பேஜாரு பண்ணுவான். கொழும்பு தங்கமான ஆளு." பாஸ்போர்ட் எடுத்ததில்லை, அவர் பார்த்த கடல் காசிமேட்டோடு சரி.

அன்று நாலே முக்காலுக்கு அவரை நிறுத்தியது ஒரே ஒரு சொல். திருவொற்றியூர் செங்குட்டுவனின் வார்ப்படப் பட்டறையிலிருந்து சுரங்கப் பம்புகளுக்கான உதிரிகள் நியூ கலிடோனியா தீவுக்குப் போகின்றன. முதல் ஆர்டர். தீவு நெடுங்காலமாகப் பிரான்ஸின் கையில் இருந்தாலும், சுங்கமும் வரியும் அதற்குத் தனி. லாரி எண்ணூரைத் தாண்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நெருங்கிவிட்டது. அங்கே கேட்டை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். சுங்கத்துக்குத் தரும் ஷிப்பிங் பில்லைப் பார்த்தால், சேரும் நாடு 'பிரான்ஸ்' என்றிருக்கிறது. அன்புக்கரசி எழுதித் தந்த தீவின் பெயரை மாற்றிக் கையெழுத்தும் போட்டிருந்தார் தண்டபாணி.

போன வருடம் வேறொரு ஏஜென்ட் செய்த இதே தப்பால், தீவின் சுங்கத்தில் ஒரு பெட்டி இருபத்தாறு நாள் முடங்கிக் கிடந்தது. இதுவும் முடங்கினால் செங்குட்டுவனுக்கு ஆர்டர் போகும், பட்டறையில் ஒரு ஷிஃப்டுக்கு வேலை போகும்.

தண்டபாணி, சுங்க அதிகாரிகள் ஏஜென்ட்களோடு நடத்தும் கூட்டத்தில் இருந்தார். அன்புக்கரசி எழுதித் தரும் குறைகளை அவர் போய் அங்கே வாசிப்பது வழக்கம். அன்புக்கரசி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் போனில் கிசுகிசுத்தார்: "அது பிரான்ஸுக்குச் சொந்தமான இடம்தானே அன்பு? கொடியே அவன் கொடி. விடு, போகட்டும்."

"கொடி அவனுது சார், வாசல் இவனுது. வரி தீவுக்காரனே போட்றான், இவனே வாங்கிக்கிறான். ஒலக வியாபார மீட்டிங்னா மட்டும் பிரான்ஸ்காரன் இவனுக்காவ போயி சேர்ல குந்திக்கிறான். அதுக்காவ இந்த ஊரு இல்லாமப் பூடுமா?"

"அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

உடனே லாரி ஓட்டும் மதார் சாகிப் கூப்பிட்டார். "யக்கா, முன்னால பத்து வண்டிதான் கீது. உள்ள பூந்துட்டா திரும்ப முடியாது. இன்னா பண்ணட்டும்?"

உள்ளே விட்டால் தப்பு கப்பலேறும். நிறுத்தினால் கப்பல் போய்விடும், பழி தன் தலையில் விடியும். முதலாளியைக் கேட்காமல் இத்தனை வருடத்தில் ஒரு வண்டியையும் அவர் நிறுத்தியதில்லை.

"ஓரங்கட்டு பாய். நான் சொல்ற வரிக்கும் நவுராத."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

திருத்த மனுவை அச்செடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மண்டபத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். யாரும் தடுக்கவில்லை. காகிதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்கும் இந்த அம்மாவை அந்த அறைக்குப் பழக்கம்தான். தண்டபாணி முறைத்தார். அவர் முன்னால் மனுவை வைத்தார் அன்புக்கரசி.

"கையெழுத்து போடுங்க சார். வண்டிய நிறுத்தி வச்சிகீறேன்."

எதிரே இருந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்ன திருத்தம்? அந்தத் தீவு பிரான்ஸ்தானே?"

தண்டபாணி மனுவைப் புரட்டினார். திரும்பி அன்புக்கரசியைப் பார்த்தார். மணி ஐந்து பத்து.

தண்டபாணிக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய தோல்பை இருந்தது. அன்புக்கரசி அதை எடுத்துத் தரையில் வைத்தார். நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு, அதிகாரியைப் பார்த்து உட்கார்ந்தார்.