கழுத்தில் ஓடிய எலுமிச்சைக் கோடுகள்

அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு நாற்பத்தாறு வயது. சாந்தோமில் நாங்கள் பிறந்த தெருவிலேயே இன்றும் இருக்கிறேன். பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அக்கா கல்யாணமாகி கே.கே. நகர் போய் இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்தால் எங்கள் கடற்கரைத் தெருப் பேச்சுதான்.

கல்யாணத் திருப்பலியில் முதல் வாசகத்தைச் சித்திதான் படிக்க வேண்டும் என்று மணப்பெண் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவோ என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படிக்கிறப்போ கோயிலே உன் மூஞ்சியத்தான் பாக்கும். இன்னும் ஒன்றரை மாசம் கீது. நான் சொல்றத பூசு."

அரை மூடி எலுமிச்சை, ஒரு கரண்டி சர்க்கரை, கொஞ்சம் தேன். தினமும் முகத்திலும் கழுத்திலும் தேய்க்க வேண்டும். வகுப்பில் லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, சிவப்பாவதைக் காட்டி, "இது அமிலம், எழுதிக்கோங்க" என்று எத்தனை வருடங்களாகச் சொல்லி வருகிறேன்! வீட்டுக் கண்ணாடி முன்னால் அந்த ஆசிரியை எங்கே போனாள் என்று தெரியவில்லை. ஆசையாகத் தேய்த்தேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே, கரைக்கு நல்ல வஞ்சிரம் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முகத்தில் மட்டும் இரண்டு கை தண்ணீரை அடித்துவிட்டு ஓடினேன். கழுத்தைக் கழுவ மறந்துபோனது. பதினொரு மணி வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று பேரம் பேசினேன். மீன் நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கழுத்து எரிந்தது. புதன்கிழமை, தாடையிலிருந்து கழுத்து எலும்பு வரை மூன்று பழுப்புக் கோடுகள், மேலிருந்து எதையோ ஊற்றியதுபோல. முன்வரிசை மாணவி ஒருத்தி, "மிஸ், கழுத்துல டீ கொட்டிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

வீடியோவில் அக்காவுக்குக் காட்டினேன். அவள் அசரவில்லை.

"அழுக்கு வெளிய வருதுடி. நிறுத்திடாதே, பூசிக்கினே இரு."

அன்று மாலையே மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அழுக்கு வெளியே வருவதை நேரில் பார்க்க அக்காவும் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். மருத்துவர் அறுபதை ஒட்டிய அம்மா. கோடுகளை விளக்கடியில் ஒரு நிமிடம் பார்த்தார்.

"எலுமிச்சையா, நாரத்தங்காயா?"

"எலுமிச்சை, டாக்டர்."

"பூசிட்டு வெயில்ல போனீங்களா?"

"மீன் வாங்கப் போனேன்."

"எலுமிச்சையில ஒரு பொருள் இருக்கு. அது தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா, சுட்ட மாதிரி ஆயிடும். இது கறை இல்லை, காயம். தானா மங்கும், ஆனா சில மாசம் ஆகலாம்." எழுதிக்கொண்டே, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று அக்கா சேர்த்தாள்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்ததும் நானும் சிரித்துவிட்டேன். எரிச்சலோடு சிரித்தால் கழுத்து இன்னும் எரியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அக்காவுக்கு மட்டும் கோபம். "இயற்கையானது எப்படி டாக்டர் கெடுதல் பண்ணும்?"

"எருக்கம்பாலும் இயற்கைதாம்மா. பூசுவீங்களா?"

அக்கா அடுத்ததை எடுத்தாள். கடலை மாவு? எண்ணெய் எடுக்கும், நிறத்தை மாற்றாது என்றார் மருத்துவர். மஞ்சள்? "அதுல நல்லது இருக்கலாம். ஆனா நாம அரைச்சுப் பூசறதுல எவ்வளவு பலன்னு எனக்கு உறுதியா சொல்லத் தெரியாது. சிலருக்கு அரிக்கும்." தேங்காய் எண்ணெய்? "வறண்ட கால்ல நல்லா தடவுங்க. பரு வர்ற முகத்துல வேண்டாம்." தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்கோ தேங்காய் எண்ணெய் ஜெயித்ததே போதுமாக இருந்தது.

"அப்போ கலர் வர்றதுக்கு இன்னாதான் பூசுறது?"

"கருப்பு வியாதி இல்லையேம்மா, மருந்து எழுத? வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் போடுங்க, மென்மையான சோப் போடுங்க. எதுல சந்தேகம் வந்தாலும் ஒரு கையில மட்டும் போட்டுப் பாருங்க. இன்னொரு கையைச் சும்மா விடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அவளுடைய ஒரு கைக்கு மட்டும் கடலை மாவு, ஒரு காலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லக் கூடாது. பதினைந்தாம் நாள் நன்றாகக் குளித்துவிட்டு எனக்குக் காட்ட வேண்டும். இவைதான் என் நிபந்தனைகள்.

பதினைந்தாம் நாள் கே.கே. நகர் போனேன். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். கடைசியில் வலது கையைத் தொட்டு, "இதுதான் பளபளன்னு இருக்கு" என்றேன்.

அக்கா முகம் மாறியது. "அடிப்பாவி, அது சும்மா வுட்ட கைடி!"

காலில் சந்தேகமே வரவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே தொட்டதுமே தெரிந்தது, அத்தனை மிருது. வலது கால் உப்புத்தாள்போலச் சொரசொரத்தது. அக்கா இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், "கடலை மாவு பஜ்ஜிக்குத்தான்" என்று அறிவித்து அடுப்பை மூட்டினாள். மீதியிருந்த மாவெல்லாம் வாழைக்காய் பஜ்ஜியானது. மணப்பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றோம்.

கல்யாணத்தன்று கோடுகள் லேசாக மங்கியிருந்தன, போகவில்லை. அலங்காரம் செய்ய வந்த பெண் கழுத்தை மறைத்துவிடலாம் என்று பூச்சு டப்பாவை எடுத்தாள். எனக்கும் ஆசைதான். அக்கா தடுத்தாள்.

"வாணாம், வுடு. காயம் ஆறிக்கினு கீது, அதும்மேல இன்னாத்துக்கு? அயகாத்தான் கீறே."

அக்கா என்னை அழகென்று சொன்னது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. பீடத்துப் படிகளில் ஏறி, மைக் முன்னால் நின்று வாசித்தேன். யாரும் என் கழுத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் மணப்பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். ஒரு வரி விட்டு மறுபடி பிடித்தேன்.

கோடுகள் முழுக்க மறைய நான்கு மாதம் ஆனது. ஆனால் அன்று சாயங்காலம் வரவேற்பில் பேண்டு வாத்தியம் ஆரம்பித்ததும் நான் அவற்றைச் சுத்தமாக மறந்துபோனேன். அக்கா செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள், நடுக்கூடத்துக்கு என் கையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பாக்கட்டும்டி" என்றாள். வேர்த்துக் கொட்ட ஆடினோம்.